செம்மண் சாலையில் ஒரு காரின் மூச்சு

வெள்ளைச் சட்டை அணிந்துகொண்டு, கோடைக்காலப் பிற்பகலில் ஒரு நாள் கல்லல் ஊரில் நடந்து பாருங்கள். காரைக்குடிக்கும் சிவகங்கைக்கும் இடையே ரயில் பாதையில் உள்ள ஊர் அது. பெரிய சாலைகள் தார்ச்சாலைகள்தாம். ஆனால் சாலையின் ஓரமெல்லாம் செம்மண். எதிரே ஒரு பேருந்து வந்து, இன்னொரு வண்டிக்கு வழிவிட ஓரத்தில் இறங்கி ஏறினால் போதும். உங்கள் சட்டையின் நிறம் மாறிவிடும். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தால் அதிலும் சிவப்பு.

உங்களுக்கு மூக்கு இருக்கிறது. மூக்கில் உரோமம் இருக்கிறது, சளி இருக்கிறது. வரும் தூசியில் பெரும்பகுதியை அவை பிடித்து நிறுத்திவிடுகின்றன. அதே சாலையில் உங்களைக் கடந்து போகும் காருக்கு?

அதற்கும் மூக்கு உண்டு. பட்டறையில் அதை 'ஏர் ஃபில்டர்' என்பார்கள். பழைய மெக்கானிக்குகள் 'ஏர் கிளீனர்' என்பார்கள். காற்று வடிகட்டி என்று நாம் சொல்லலாம். இந்த மூக்கைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. என் பள்ளித் தோழன் ஒருவனுக்குக் கல்லலில் பூர்வீக வீடு. அவனுடைய ஐயா (தாத்தாவை அந்த வீடுகளில் இப்படித்தான் அழைப்பார்கள்) வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று அங்கே வண்டிக் கொட்டகையில் நின்றது. தோழன் அதைத் தூசி தட்டி ஓட்டத் தொடங்கினான். ஓட்டத் தொடங்கியவன் அதன் மூக்கையும் மாற்றினான். பிறகு நடந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

ஹெரால்டின் ஓட்டப்பந்தயத் தம்பி

இன்று பதினைந்து வயதில் இருக்கும் உங்களில் பலர் ஹெரால்டு காரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் அது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிகெலோட்டி. சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் அதை இங்கே செய்து விற்றது. 948 கன செ.மீ. எஞ்சின். முன் மூடியைத் திறந்தால் மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்து அப்படியே முன்பக்கமாகக் கவிழும். எஞ்சின் முழுவதும் வெளியே தெரியும். மெக்கானிக்குகள் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்ப்பார்கள். அந்த நிறுவனம் 1980களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இதை நினைவில் வையுங்கள்; கதைக்குத் தேவைப்படும்.

ஹெரால்டின் அடிச்சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, அதே மிகெலோட்டி வரைந்த இன்னொரு கார் 1962-இல் இங்கிலாந்தில் வந்தது. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இரண்டே பேர் உட்காரும் சிறிய விளையாட்டுக் கார். எஞ்சின் 1147 கன செ.மீ.; இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள், திறன் 63 குதிரைத் திறன். 1980 வரை பல மாற்றங்களுடன் அது வெளிவந்தது. உலகெங்கும் இன்றும் அதை வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் ஓயாமல் விவாதிக்கும் ஒரு கேள்விதான் கல்லலில் என் தோழனுக்கும் வந்தது. கம்பெனி கொடுத்த காகித வடிகட்டியையே வைத்துக்கொள்வதா? அல்லது கடையில் தனியாகக் கிடைக்கும், 'காற்றைத் தாராளமாக விடும்' என்று சொல்லப்படும் எண்ணெய் தடவிய பஞ்சுத்துணி வடிகட்டிக்கு மாறுவதா?

பதில் சொல்லுமுன் கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

ஒரு லிட்டருக்கு ஒன்பதாயிரம் லிட்டர்

கார் பெட்ரோலில் ஓடுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது காற்றைத்தான் அதிகம் குடிக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். ஆகவே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 11 கிலோ காற்று. நம் ஊர் வெப்பத்தில் அந்தக் காற்றின் கன அளவு 9 கன மீட்டருக்கும் மேல், அதாவது 9000 லிட்டர்!

இன்னொரு வழியாகவும் பார்க்கலாம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக் காற்றை உள்ளிழுக்கும். ஸ்பிட்ஃபயர் எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடினால் 1.147 × 2500, ஏறத்தாழ 2870 லிட்டர். சிலிண்டர்கள் முழுவதும் நிரம்பாது என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் 2400 லிட்டருக்குக் குறையாது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறான். ஒரு சிறிய கார் முந்நூறு பேரின் மூச்சை இழுக்கிறது! உங்கள் பள்ளியில் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தூசிக்கு வருவோம். புழுதி பறக்கும் சாலையில் ஒரு கன மீட்டர் காற்றில் 10 மில்லி கிராம் தூசி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 100 லிட்டர் பெட்ரோல் எரிய 900 கன மீட்டர் காற்று. அதில் 9 கிராம் தூசி. வடிகட்டியே இல்லாவிட்டால் ஒரு தேக்கரண்டிக்கும் மேற்பட்ட செம்மண்ணை எஞ்சினுக்கு ஊட்டுகிறீர்கள்.

"ஒரு தேக்கரண்டி மண் என்ன செய்துவிடும்?" என்று கேட்கலாம். பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் கனம் சில மைக்ரான்கள்தாம். ஒரு மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடி சுமார் 70 மைக்ரான். 5 முதல் 20 மைக்ரான் அளவுள்ள தூசிதான் எஞ்சினுக்குப் பெரிய எதிரி. அது படலத்துக்குள் நுழையும் அளவுக்குச் சிறியது. இரு பக்கமும் உரசும் அளவுக்குப் பெரியது. செம்மண்ணுக்குச் சிவப்பு தருவது இரும்பு ஆக்சைடு. அதோடு குவார்ட்ஸ் மணல் துகள்களும் கலந்திருக்கின்றன. குவார்ட்சின் கடினம் மோஸ் அளவையில் 7, கண்ணாடியையே கீறும். சிலிண்டர் செய்த வார்ப்பிரும்பு அதைவிட மென்மையானது. ஆக, எண்ணெயில் குழைத்த குவார்ட்ஸ் பொடி என்பது உப்புத்தாள் போலத்தான். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை தேய்க்கும் உப்புத்தாள்.

மடிப்பில் இருக்கிறது சூட்சுமம்

காகித வடிகட்டியைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? விசிறி போல மடித்து வளையமாக்கிய காகிதம். ஏன் மடிக்க வேண்டும்? 20 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. உயரமும் உள்ள வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மடிக்காத காகிதமாக இருந்தால் பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. தான். இரண்டரை செ.மீ. ஆழத்தில் 120 மடிப்புகள் வைத்தால்? ஒவ்வொரு மடிப்பிலும் 5 செ.மீ. நீளக் காகிதம்; மொத்தம் 600 செ.மீ. நீளம், உயரம் 5 செ.மீ.; பரப்பு 3000 சதுர செ.மீ. கிட்டத்தட்ட பத்து மடங்கு! பரப்பு பெருகினால் காற்று மெதுவாக, சிரமமின்றி ஊடுருவும். தூசி தங்கவும் இடம் இருக்கும். நம் நுரையீரலும் இதே தந்திரத்தைத்தான் கையாள்கிறது.

வடிகட்டி என்றால் சல்லடை என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். ஓட்டையை விடப் பெரிய துகள் சல்லடையில் நிற்பது போல நிற்கும். ஆனால் ஓட்டையை விடச் சிறிய துகளும் நின்றுவிடுகிறது. காற்று இழைகளைச் சுற்றி வளைந்து வளைந்து செல்கிறது. எடையுள்ள துகளால் அப்படித் திரும்ப முடியாது. பேருந்து திடீரென்று திரும்பும்போது நாம் பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்கிறோமே, அதுபோல அது நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. இன்னும் ஒரு வேடிக்கை. கொஞ்சம் தூசி படிந்த காகித வடிகட்டி, புதியதை விட நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே வடிகட்டியாக வேலை செய்யும். வாரந்தோறும் கழற்றிக் கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சி அடிப்பவர்கள் நன்மை செய்வதாக எண்ணி, காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசலை உண்டாக்குகிறார்கள்.

பஞ்சுத்துணி வடிகட்டியின் முறை வேறு. கம்பி வலைகளுக்கு நடுவே சில அடுக்குப் பருத்தித் துணி. அதில் பிசுபிசுப்பான எண்ணெய். இழைகளுக்கு இடையே இடைவெளி அதிகம். துகளைப் பிடித்து வைப்பது எண்ணெயின் வேலை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கே அண்டு என் நிறுவனம் இந்த வகையை உலகெங்கும் பரப்பியது. கழுவி, உலர்த்தி, மீண்டும் எண்ணெய் விட்டுப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம் என்பது இதன் பெரிய வசதி. எண்ணெய் காய்ந்துவிட்டால் அது வெறும் துணிதான் என்பது இதன் பெரிய அபாயம். எண்ணெயே இல்லாத கம்பிச் சல்லடைகளும் பளபளப்பாகக் கடைகளில் தொங்குகின்றன. அவற்றின் கண் அரை மில்லி மீட்டர் இருக்கும். அதாவது 500 மைக்ரான். வண்டு நுழையாது. வேறு எதுவும் நுழையும்.

இரண்டு சதவீதம் என்பது எவ்வளவு?

ஒரு வடிகட்டி 99 சதவீதத் தூசியைப் பிடிக்கிறது, இன்னொன்று 97 சதவீதம் பிடிக்கிறது என்று கொள்வோம். தேர்வில் 99-க்கும் 97-க்கும் நாம் பெரிய வேறுபாடு பார்ப்பதில்லை. ஆனால் எஞ்சின் கேட்பது பிடித்தது எவ்வளவு என்று அல்ல, தப்பியது எவ்வளவு என்று. முதலாவதில் நூற்றில் 1. இரண்டாவதில் நூற்றில் 3. மூன்று மடங்கு! நம் 9 கிராம் கணக்கில் 90 மில்லி கிராமுக்குப் பதில் 270 மில்லி கிராம். வடிகட்டிகளைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற உலகத் தர முறை இருக்கிறது. நல்ல காகித வடிகட்டி அதில் 99 சதவீதத்தைத் தாண்டும். புதிய வடிகட்டி வாங்கும்போது பெட்டியில் 'அதிகத் திறன்' என்று எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள். இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, பதிலுக்குக் கிடைக்கும் திறன் எவ்வளவு? இதை நீங்களே அளக்கலாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒளி புகும் குழாயில் ஒரு துண்டு வாங்கி, ஒரு பலகையில் 'ப' எழுத்தைப் போல வளைத்துக் கட்டுங்கள். இரு கைகளும் தலா ஒரு மீட்டராவது இருக்கட்டும். குறைந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும். பாதி உயரம் வண்ண நீர் ஊற்றுங்கள். ஒரு முனையை வடிகட்டிக்கு உட்புறம், காற்று வடிகட்டப்பட்ட பிறகு செல்லும் இடத்தில் மெக்கானிக் துணையோடு பொருத்துங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். பெரியவர் ஒருவர் ஓட்ட, காலியான சாலையில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது இரு பக்க நீர் மட்டங்களின் வேறுபாட்டைப் பாருங்கள். நின்ற இடத்தில் எஞ்சினை முடுக்கிப் பார்த்துப் பயனில்லை. பாரம் இல்லாத எஞ்சின் அவ்வளவு காற்றை இழுக்காது.

வளி மண்டல அழுத்தம் சுமார் 1033 செ.மீ. நீர் உயரத்துக்குச் சமம். எனவே வேறுபாடு 10 செ.மீ. என்றால் வடிகட்டி தின்றது ஒரு சதவீத அழுத்தம். காற்று ஒரு சதவீதம் குறையும். திறனும் ஏறத்தாழ அதே அளவு குறையும். 63 குதிரைத் திறனில் ஒரு சதவீதம் என்பது அரைக் குதிரைக்குச் சற்று மேல். அதுவும் முழு மிதியில் மட்டும். சாதாரணமாக ஓட்டும்போது கார்புரேட்டரின் உள்ளே இருக்கும் தட்டு பாதிக்கு மேல் மூடியே இருக்கிறது. காற்றைத் தடுப்பது அதுதான். கதவைச் சாத்திவிட்டுத் திரைச்சீலை கனமாக இருக்கிறது என்று குறைப்படுவதில் பொருள் உண்டா?

வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தோழன் வாங்கியது கூம்பு வடிவ வடிகட்டி. பழைய டப்பாவை அப்புறப்படுத்திவிட்டு, திறந்தபடி எஞ்சினின் பக்கத்தில் நிற்பது. அது இழுப்பது மூடிக்குள் அடைபட்ட சூடான காற்றை. வெளியே 35 டிகிரி, மூடிக்குள் 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 308-க்கு 333 என்ற விகிதத்தில் குறையும். ஏழு சதவீதத்துக்கும் மேல் இழப்பு. வழியில் எப்படியும் காற்று கொஞ்சம் சூடாகும் என்பதால் இந்த இழப்பு முழுவதும் எஞ்சினுக்கு வந்து சேராது. ஆனாலும் தடையைக் குறைத்துப் பெற்ற ஒரு சதவீதத்தை விழுங்கிவிடப் போதும். "ஆனால் வேகம் கூடினாற்போல் இருக்கிறதே" என்றான் தோழன். கூடியது சத்தம். டப்பா காற்றின் ஓசையையும் அடக்கிவந்தது. அது போனதும் எஞ்சின் உறுமுகிறது. காது ஏமாற, உடம்பும் ஏமாறுகிறது.

ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. எஸ்.யு. கார்புரேட்டரின் முகப்பு விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கு வெளிக்காற்று செல்லும் வழி அது. வேற்று வடிகட்டியைத் தலைகீழாகப் பொருத்தினால் அதன் அடித்தட்டு துளைகளை மூடிவிடும். பிஸ்டன் சரியாக மேலே எழாது. காற்றை அதிகமாக்கப் போய் மூச்சையே அடைத்த கதை!

விமானமும் இதே குழப்பத்தில்

ஸ்பிட்ஃபயர் என்ற பெயர் இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற போர் விமானத்திலிருந்து வந்தது. வடிகட்டிச் சங்கடம் அந்த விமானத்துக்கும் நேர்ந்தது. 1942-இல் மால்ட்டா தீவிலும் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் அதைப் பறக்கவிட்டபோது, மணலுக்கு அஞ்சி மூக்கின் கீழே 'வோக்ஸ்' என்ற பெரிய வடிகட்டியைப் பொருத்தினார்கள். தாடை தொங்கியது போல இருக்கும். எஞ்சின் பிழைத்தது, ஆனால் வேகமும் மேலேறும் திறனும் குறைந்தன. போரில் அது உயிர்ப் பிரச்சினை. எகிப்தில் அபூகீர் என்ற இடத்தில் இருந்த பழுதுபார்ப்பு நிலையத்தார் சிறியதாக ஒரு வடிகட்டியைத் தாங்களே வடிவமைத்தார்கள். பின்னால் வந்த வகைகளில், தரையருகே வடிகட்டி வழியாகவும் உயரே போனதும் நேராகவும் காற்றை எடுக்க விமானியே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது.

அதே போர்க்காலத்தில் நம் பக்கத்திலும் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் மரக்கரியிலிருந்து வாயு தயாரிக்கும் கருவி செய்து பேருந்துகளை ஓட்டியது. கரிவாயுவில் சாம்பல் பொடி கலந்து வரும்; அதைக் குளிரவைத்து வடிகட்டிய பிறகே எஞ்சினுக்கு விட வேண்டும். வண்டியில் ஏறக்குறைய வடிகட்டியையே சுமந்துகொண்டு போனார்கள் எனலாம்.

விமானம் புழுதிக்கு மேலே போய்விடும். கல்லல் சாலையில் போகும் கார் எங்கே போகும்?

கொட்டகையில் கண்டது

தோழன் அந்தக் கூம்பு வடிகட்டியோடு ஓராண்டு ஓட்டினான். ஒரு முறைகூடக் கழுவி எண்ணெய் விடவில்லை. முதலில் எஞ்சின் எண்ணெய் குறைந்தது. பிறகு பின்னால் நீலப் புகை. காரைக்குடியில் ஒரு பட்டறையில் எஞ்சினைப் பிரித்தார்கள். சிலிண்டரின் மேல்பகுதியில் விரலை வைத்துப் பார்த்தேன். வளையம் ஏறி இறங்கும் இடம் தேய்ந்து, அதற்கு மேல் ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. தூசி மேலிருந்துதான் நுழைகிறது. எண்ணெய் மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற 'ஓவர் சைஸ்' பிஸ்டன் போட வேண்டும். ஐயா காலத்திலேயே இரண்டு முறை கடைந்தாகிவிட்டது. "தம்பி, இதுதான் கடைசி. இதற்கு மேல் கடைந்தால் சுவர் தாங்காது" என்றார் மேஸ்திரி. செய்த கம்பெனியோ இல்லை. புதிய எஞ்சினுக்கு எங்கே போவது?

பஞ்சுத்துணி வடிகட்டியே கெட்டது என்று நான் சொல்லவில்லை. பழைய டப்பாவுக்குள்ளேயே பொருந்தும் வகையாக, நம்பகமான தயாரிப்பாகப் பார்த்து வாங்கி, புழுதிக்காலத்தில் மாதாமாதம் கவனிக்கும் பொறுமை இருந்தால் அது நன்றாகவே உழைக்கும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் போன்ற சுத்தமான பாதையில், போட்டி முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்குக் கூம்பு வடிகட்டியும் சரிதான். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வந்து, செம்மண்ணில் ஓட்டிவிட்டு, மறுபடி ஆறு மாதம் கொட்டகையில் நிறுத்தும் காருக்கு நான் காகிதத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். விலையும் குறைவு, மறந்துவிட்டாலும் மன்னிக்கும்.

தோழனும் கடைசியில் அதற்கே வந்தான். டப்பா நல்லவேளையாகப் பரணில் கிடந்தது. ஹெரால்டுக்கென்று வடிகட்டி கிடைக்கவில்லை. உள் விட்டம், வெளி விட்டம், உயரம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு மதுரையில் கடை கடையாக ஏறினோம். வேறொரு வண்டியின் வடிகட்டி சரியாகப் பொருந்தியது. வாங்குமுன் கடையின் இருட்டு மூலையில் அதன் நடுவே கைவிளக்கை வைத்துச் சுற்றிப் பார்த்தோம், ஊசித்துளை ஏதாவது ஒளி விடுகிறதா என்று. கடைக்காரர் சிரித்தார். பொருத்தும்போது ரப்பர் விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூசினோம். விளிம்பில் ஒரு மில்லி மீட்டர் சந்து இருந்தால் காகிதம் எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன?

ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பிறகு, வடிகட்டியைத் தாண்டி கார்புரேட்டருக்குப் போகும் வழியின் உட்சுவரை ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்தான். இரண்டு பேரும் வெயிலில் பிடித்துப் பார்த்தோம். லேசான எண்ணெய்க் கறை இருந்தது, சிவப்பு இல்லை. என் சட்டைதான் சிவப்பாக இருந்தது.